தட்டில் மிஞ்சிய எலுமிச்சந்துண்டுகள்

பழி வரும் நேரத்தில் அரை அடி நகர்ந்து நின்றுகொள்வதில் நான் கெட்டிக்காரன். இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அதனால் நானே எழுதி வைக்கிறேன். இந்த வித்தையை நான் அரசியலில் கற்றுக்கொண்டதாக என் மனைவி நினைக்கிறாள். அது தப்பு. கால்பந்து மைதானத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். அரசியலில் அதை உபயோகித்தேன், அவ்வளவுதான்.

வேலூரில் இன்டர்மீடியட் படித்தபோது நான் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர். பெயர்தான் பெரிது. பந்துக்குக் காற்றடிப்பது, ஆட்டக்காரர் பட்டியல் எழுதுவது, இடைவேளையில் உப்புத் தூவிய எலுமிச்சந்துண்டுகளைத் தட்டில் வைத்து நீட்டுவது, இவையெல்லாம் என் வேலை. சங்கத்தின் தலைவர் ஊரில் பேர்போன வக்கீல். கதர் வேட்டி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, எதிரே நிற்பவன் எவனானாலும் 'தம்பி' என்று இழுக்கும் குரல். விளையாட்டுச் சங்கத்துக்கு மட்டுமல்ல, ஊர்க் காங்கிரஸ் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் என் தோளில் கை போட்டு நடந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம்.

அந்த வருடம் கேடயத்துக்கான கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடப்பதாக முடிவாயிற்று. வக்கீலய்யா தம் உபயமாகப் புதிய கோல் கம்பங்கள் நட்டார். அதுவரை சவுக்குக் கழிகள்தான். இவர் இரும்புக் குழாய்களை வாங்கி நட்டு, ஒரு கம்பத்தில் தம் பெயர் பொறித்த தகரத்தையும் அடித்துவிட்டார். வர்ணம் பூச ஆள் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் கோல்கீப்பருக்கு டைபாய்டு. நான் ஓடிப்போய் வக்கீலய்யாவிடம் சொன்னேன். அவர் வழக்குக்காக வந்த கட்சிக்காரர் ஒருவரின் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆள் இல்லைன்னு எங்கிட்ட வந்து சொல்லாதே தம்பி. ஆளைக் கொண்டா. எங்கேர்ந்து கொண்டு வந்தேன்னும் சொல்லாதே."

அதை அப்போது நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மனிதர், என்னிடம் பொறுப்பை விட்டுவிட்டாரே என்று பூரித்துப்போனேன். அவர் தமக்குத் தெரியாமல் இருப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டார் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. புரிந்தபோது நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் ஆம்பூர். அப்பா அங்கே ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. தோல்ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு வேலையாட்கள் தோல் காயப்போடும் வெட்டவெளியில், கழித்துப் போட்ட தோல் துண்டுகளை உருண்டையாகத் தைத்துப் பந்தாடுவார்கள். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அங்கே ஒருவன் கோலில் நிற்பான். என் வயதுதான் இருக்கும். நீண்ட கை. பந்து எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே யாரோ சொல்லி வைத்த மாதிரி அங்கே நிற்பான். அந்த வெள்ளிக்கிழமை காலை ரயிலேறிப் போய் அவனைக் கேட்டேன்.

"காலேஜுக்கா? நானா?" என்று சிரித்தான். "இன்னா சாமி, பேஜார் பண்றீங்க. எனக்குக் கையெழுத்துப் போடவே வராது."

"பந்தைப் பிடிக்கக் கையெழுத்து எதுக்கு? நாளைக்கு ஒரு நாள். புதுசா சேர்ந்து ஊருக்குப் போயிருக்கிற ஒரு பையன் பேர்ல ஆடிட்டு வந்துடு. உனக்கு என்ன வேணும், சொல்லு."

பணம் கேட்பான் என்று நினைத்தேன். அவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். பட்டைத் தொட்டி வேலை அவனுக்கு. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாள் முழுக்கக் கைவிட்டுத் தோலைப் புரட்ட வேண்டும். கை முழங்கை வரை பழுப்பேறி, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருக்குது சாமி. ரெண்டு வயசு. என் கையால ஊட்டினா துன்னாது. கசக்குதுன்னு துப்பிடுது. சோப்பு போட்டாலும் போவல. உங்க வக்கீலய்யா சொன்னா கோர்ட்டுல டவாலி சேவகன் வேலை கெடைக்குமாமே? தொட்டிய வுட்டு வெளிய வந்தா போதும்."

அன்று மாலையே வேலூர் திரும்பி வக்கீலய்யாவிடம் இதைச் சொன்னேன். 'ஆம்பூரில் ஒருவன்' என்றுதான் சொன்னேன், வேறு விவரம் அவர் கேட்கவில்லை. "பார்க்கலாம்னு சொல்லு" என்றார். மறுநாள் காலை அவன் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டான். 'பார்க்கலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆயிடுச்சு. வக்கீலய்யா முடிச்சுத் தர்றேன்னுட்டார்" என்றேன். வக்கீலய்யா சொல்லிக்கொடுத்த பொய் அல்ல அது. என் சொந்தச் சரக்கு.

தன் தாய்க்கு ஜுரம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். விடுதிக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியடியில் உட்காரவைத்துப் புளியும் செங்கல் தூளும் போட்டு அவன் கைகளைத் தேய்த்தோம். பழுப்பு பாதிக்குமேல் போயிற்று. முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டோம். தலைவாரி விட்டதும் எங்களில் ஒருவனாகவே தெரிந்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இரும்பு மட்டும் ஆகாது சாமி" என்றான். "பட்டை ஏறின கை. ஈரத்துல இரும்பு பட்டா மையாட்டம் கறுத்துடும். ஷாப்புல பதமான தோல் மேல ஒரு ஆணி வைக்க வுடமாட்டாங்க."

"பந்துல ஏதுப்பா இரும்பு?" என்று சொல்லி அவன் முதுகில் தட்டினேன்.

இதைச் சொன்ன நான் ஆம்பூர்க்காரன். கூட்ஸ் ஷெட்டிலேயே வளர்ந்தவன். தோல் கட்டுகளைக் கயிற்றால்தான் கட்டுவார்கள், இரும்புப் பட்டை போடவே மாட்டார்கள், ஈரத்தில் கறை பிடித்துவிடும் என்று என் அப்பா ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டவன். புதுக் கம்பங்கள் என் கண்ணெதிரே நின்றன. ஆனால் அவற்றை நான் வக்கீலய்யாவின் உபயமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இரும்பு என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஆட்டம் தொடங்கியபோது தூறல். முதல் பாதியில் அவன் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று கோலாவது வாங்கியிருப்போம். ஒருமுறை பந்து தலைக்கு மேலே போனது. அவன் எகிறி அதைத் தட்டிவிட்டு, விழாமலிருக்க மேல் குழாயைப் பிடித்து ஒரு கணம் தொங்கினான். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். நானும் கத்தினேன். கீழே இறங்கியவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினான்.

இடைவேளை வந்தது. எலுமிச்சந்துண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். மற்றவர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அவன் மட்டும் கோல் கம்பத்தடியை விட்டு வரவில்லை. பெரிய மனிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பக்கம் அந்தக் கையோடு வரக்கூடாது என்ற புத்தி அவனுக்கு இருந்தது. தூரத்திலிருந்தே உள்ளங்கையை லேசாகத் திருப்பிக் காட்டினான். கன்னங்கரேல் என்று இருந்தது. பிறகு என் தட்டைப் பார்த்து, கையோடு கையைத் தேய்த்துக் காட்டினான். அந்தக் கறைக்கு எலுமிச்சைதான் மருந்து என்பது ஆம்பூரில் பிறந்த எவனுக்கும் தெரியும். ஒரு துண்டு போதும். தட்டில் இரண்டு மிஞ்சியிருந்தன.

நாலு எட்டு வைத்தேன். ஆட்டக்காரர்களைப் பார்க்க மைதானத்துக்குள் வந்திருந்த வக்கீலய்யாவின் குரல் பின்னாலிருந்து வந்தது, உரத்து அல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தம்பி, அவங்க ஆளுங்க கோல்பக்கம் பார்த்துக்கிட்டிருக்காங்க. இப்ப அவன்கிட்ட போனா நீயும் சேர்த்தி."

நின்றேன். எதிர் அணித் தலைவன் உண்மையிலேயே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தட்டோடு திரும்பி வந்து, அந்த இரண்டு துண்டுகளையும் விருந்தினர் மேஜைமேல் வைத்தேன். அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவன் கேட்டது எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் என்பது அப்போதைய என் கணக்கு. பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு பந்தைப் பிடித்து வீசினான். அது எதிர் அணித் தலைவனின் காலடியில் போய் நின்றது. அந்தத் தலைவன் பக்கத்து ஊர்த் தோல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பந்தை உதைக்காமல் கையில் எடுத்தான். ஈரப் பந்தின்மேல் ஐந்து விரலும் கறுப்பாய்ப் பதிந்திருந்தன. அவன் நடுவரைப் பார்க்கவில்லை, நேராகக் கோலுக்கு நடந்தான்.

"கையைக் காட்டு" என்றான். கோலில் நின்றவன் காட்டினான். "அரே, இது தொட்டிக் கை! எங்க ஷாப்புல தினம் பார்க்கிறேன். இவன் எந்தக் காலேஜ்ல படிக்கிறான்?"

ஆட்டம் அத்தோடு நின்றது. கேடயம் அவர்களுக்குப் போயிற்று.

முதல்வர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் எல்லோரையும் நிறுத்தினார்கள். வக்கீலய்யா என்னை ஒரு தூண் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், "அவனைப் பேசவிட்டா உன் படிப்பு போச்சு. சொல்லி வை" என்றார். 'என் பெயர் கெட்டுவிடும்' என்று அவர் சொல்லவே இல்லை. நான் அவனிடம் போனேன்.

"யார் பேரும் சொல்லாதே. உன் வேலைக்கு நான் ஆச்சு. வக்கீலய்யா கைவிட மாட்டார்."

"வேல வந்துடும்ல?"

"வந்துடும்."

முதல்வர் முதலில் எங்களைக் கேட்டார். செயலாளர் கொடுத்த பட்டியலில் நம்பிக்கை வைத்துக் கையெழுத்திட்டதாக வக்கீலய்யா சொன்னார். மைதானத்துக்குள் வந்தவனோடு ஆடியதாக எங்கள் அணித் தலைவன் சொன்னான். நான் என்ன சொன்னேன்? புதிதாகச் சேர்ந்த மாணவன் என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான், நம்பிவிட்டேன் என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. முதல்வர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "உன்னை யார் கூட்டி வந்தது? பயப்படாமல் சொல்" என்றார்.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாரும் இல்ல சாமி. நானாத்தான் வந்தேன்."

மறுநாளே சேதி ஆம்பூருக்குப் போய்விட்டது. மேஸ்திரி அவனை உள்ளே விடவில்லை. பொய் சொல்லி லீவு போட்டதோடு, ஆள்மாறாட்டம் செய்து ஷாப்புக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தவன் என்று ஆகிவிட்டது. ஒரு மேஸ்திரி தள்ளியவனை இன்னொரு மேஸ்திரி சேர்க்கமாட்டான். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எங்கும் அதுதான் வழக்கம். தொட்டியை விட்டு வெளியே வரவேண்டும் என்று கேட்டவன், அப்படித்தான் வெளியே வந்தான்.

மூன்று தடவை வேலூருக்கு வந்தான். நான் சாயங்காலங்களில் வக்கீலய்யாவுக்குக் கடிதங்கள் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம். முதல் தடவை, "ஐயா ஊர்ல இல்லை" என்று வாசலில் போய்ச் சொன்னேன். இரண்டாம் தடவை, "பேசிக்கிட்டிருக்கார், ஒரு மாசம் பொறு" என்றேன். மூன்றாம் தடவை அவன் இடுப்பில் அந்தப் பெண் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். வேலைக்காரனை விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவன் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு என்றாலும் உண்மை அதுதான்.

பிறகு நாடே கொதித்த வருடங்கள் வந்தன. நான் முழுநேரமும் கமிட்டி வேலையில் இறங்கினேன். தேசபக்தி பொய் என்று சொல்லமாட்டேன். விடியற்காலை ஊர்வலமான பிரபாதபேரியில் பாடும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் பாட்டு பாடியவனும் நான்தான், அறிக்கை எழுதியவனும் நான்தான். கள்ளுக்கடை மறியலுக்குத் தாமே முன்னால் நிற்பதாக வக்கீலய்யா கூட்டத்தில் சபதம் செய்தார். அன்றைக்குக் காலை அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. தொண்டர்கள் போனார்கள். தள்ளுமுள்ளில் கடைக் கூரை பற்றி எரிந்தது. மூன்று பேருக்கு ஜெயில். யார் அனுப்பியது என்று கலெக்டர் கேட்டு எழுதியபோது பதில் தயாரிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பேனாவை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'தொண்டர்கள் தாமாகவே சென்றனர்' என்று எழுதினேன்.

எழுதிவிட்டுப் படித்தபோதுதான் அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று உறைத்தது. 'நானாத்தான் வந்தேன்.' அவன் எனக்காகச் சொன்னதை நான் கட்சிக்கு வாய்ப்பாடாக்கிவிட்டேன். அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "பலே, நல்லா அமைஞ்சிருக்கு" என்று வக்கீலய்யா முதுகில் தட்டினார்.

போன வருடம் அவர் சட்டசபைக்குப் போய்விட்டார். மேடைக்கு மேடை, ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்சி வேண்டும் என்று முழங்கித்தான் ஜெயித்தார். அந்தப் பிரசங்கங்களையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். அவர் விட்டுப்போன நகரசபை இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஜெயித்தேன். காலையிலிருந்து வீட்டு வாசலில் கூட்டம். மாலை வாங்க வசதி உள்ளவர்கள் மாலை, மற்றவர்கள் எலுமிச்சம்பழம். பெரிய மனிதர்களைப் பார்க்க வருகிறவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது வழக்கமாயிற்றே. ஒவ்வொரு பழமாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். இருபது முப்பதுக்குமேல் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கைகள்தான் வந்துகொண்டிருந்தன.

ஒரு நீண்ட கை வந்தது. பழத்தை என் உள்ளங்கையில் வைத்தது. வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நரை விழுந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் நிற்கிற தோரணை அப்படியே இருந்தது, பந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி.

"ஞாபகம் இருக்குதா?" என்றான். 'சாமி' போடவில்லை.

"இருக்கு" என்றேன். "எங்கே இருக்கே இப்போ?"

"கோலார்ல. சொரங்கத்துல. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தேன். வேலூர் பூரா உங்க பேர் எழுதியிருக்குதுன்னு சொன்னாங்க. பார்த்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

கையைப் பார்த்தேன். பட்டைக் கறை துளிகூட இல்லை. வேறு தழும்புகள் இருந்தன. "குழந்தை எப்படி இருக்கா?" என்றேன்.

"பெருசாய்ட்டா. இப்பல்லாம் ஊட்ட வேண்டியதில்ல."

பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். கட்சிக்காரர் ஒருவர் அவனைத் தோளைத் தொட்டு நகர்த்தினார். "யாருங்க இவர்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவன் நின்றுகொண்டிருந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயிலுக்குச் செலவழித்து வந்தவன் வேறு எதுவும் கேட்கவில்லை. வேலை கேட்கவில்லை, வையவும் இல்லை. வாசல் நிறைய ஜனம். இவனை நான்தான் கூட்டிவந்தேன், நான்தான் கைவிட்டேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது.

"ஆம்பூர்க்காரர். நம்ம மேல அபிமானம், தானாகவே வந்திருக்கார்" என்றேன்.

அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த கை வந்தது. அவன் கொடுத்த பழத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வைத்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். கூடையில் போட்டேன்.

சாயங்காலம் கூடையிலிருந்த பழங்களையெல்லாம் பிழிந்து, வந்தவர்களுக்குச் சர்பத் கலந்து கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. நாள் முழுக்கப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. குடித்தேன்.